ஞாயிற்றுக்கிழமை பீரோ

சனிக்கிழமை காலை பத்தே காலுக்குச் சலவைக்காரர் வாசலில் வந்து குரல் கொடுத்தார். நான் கையில் இருந்ததைக் கட்டில்மேல் போட்டுவிட்டு எழுந்து போனேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. நேரம் எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்றால், கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசலுக்குப் போனேன். பதினொரு மணிக்குள் பீரோ வேலையை முடித்துவிட்டு உலை வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் நன்றாக இருக்கிறான். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியதையெல்லாம் அன்றைக்கு நானே பயந்து தீர்த்துவிட்டேன். தீர்த்துவிட்டேன் என்பதும் முழுக்கச் சரியில்லை. பாச்சை உருண்டை வாசனை எங்கேயாவது அடித்தால் இன்றைக்கும் என் கை தானாகப் போய் அவன் தாடையைப் பிடிக்கிறது. அவனும் பழகிப்போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு விளையாடப் போய்விடுகிறான்.

எங்கள் வீடு அப்போது மன்னார்புரம் பக்கம். உள்ளறையில் ஓர் இரும்புக் கட்டிலும் ஒரு தேக்கு பீரோவும் போக நடக்க ஓர் ஆள் அகலத்துக்கு இடம் இருக்கும். பீரோ என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் செய்து கொடுத்தது. ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. இடது பக்கம் தட்டுகள், வலது பக்கம் உடுப்பு தொங்கவிட ஒரு கம்பி. அறையிலேயே அது ஒன்றுதான் பார்க்கிற மாதிரி இருந்த சாமான். ஆனால் வாரத்தில் ஆறு நாள் அதை நாங்கள் திறப்பதே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை பீரோ.

கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பு மட்டும்தான் அதற்குள் இருக்கும். என் பட்டுச் சேலைகள், தலையில் போடும் லேஸ் முக்காடு, என் வீட்டுக்காரருடைய கல்யாணக் கோட்டு, பிள்ளைகள் இருவரின் ஞானஸ்நான உடுப்பு, கிறிஸ்துமஸுக்கு விரிக்கிற மேசைவிரிப்பு, பெரிய வெள்ளிக்கு உடுத்தும் கறுப்புச் சேலை. ஞாயிறு விடியற்காலை முதல் பூசைக்கு மணி அடிப்பதற்குள் பூட்டைத் திறப்போம். பூசை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் உதறி மடித்து உள்ளே வைத்துப் பூட்டுவோம். மற்ற நாளில் உடுத்துவதெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியிலும், கதவுக்குப் பின்னால் இருந்த ஆணிகளிலும், கொடியிலும், துவைத்து மடிக்காமல் கிடக்கும் பிரம்புக்கூடையிலும் சிதறிக் கிடக்கும். என் அம்மா வீட்டில் இப்படித்தான். எங்கள் கோயிலைச் சுற்றியிருந்த வீடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். நல்ல சாமான் ஆண்டவருடைய நாளுக்கு, பெட்டியும் ஆணியும் நமக்கு. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

நான் கேட்டதற்குக் காரணம் ஒரு ரவிக்கை. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். அவர் ஸ்ரீரங்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். காலையில் இரண்டு பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். கட்டிலுக்கு அடியில் மண்டி போட்டு, இருட்டில் பெட்டியைத் துழாவி, கைக்கு வந்ததை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவேன். ஒரு திங்கட்கிழமை பிரேயர் வரிசையில் நிற்கும்போது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "டீச்சர், உங்க ரவிக்கைத் தையலெல்லாம் வெளியே தெரியுது" என்று ரகசியமாகச் சொன்னாள். அவளைப் பாராட்ட வேண்டும், யாருக்கும் கேட்காமல் சொன்னாள். அன்று நாள் முழுவதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்தினேன். அப்போதே தீர்மானம் செய்துவிட்டேன். ஆறு நாளுக்குப் பீரோ, ஒரு நாளுக்குத் தகரப் பெட்டி.

அவரிடம் சொன்னபோது சவரம் செய்துகொண்டிருந்தார். சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்து, "ஞாயித்துக்கிழமையைத் தூக்கிப் பெட்டியில போடப் போறியா? மோட்சத்துல உனக்கும் கட்டிலுக்கு அடியிலதான் இடம் குடுப்பாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய பனியனும் அந்தப் பெட்டியில்தான் தொலைந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலை இட்லி முடிந்ததும் பீரோவைத் திறந்து தட்டுகளைக் காலி செய்தேன். துணியெல்லாம் கட்டிலில் மலையாகக் கிடந்தது. பெட்டியை வெளியே இழுத்துத் துடைத்து வெயிலில் வைத்து எடுத்தேன். பீரோவில் அடித்தட்டு பிள்ளைகளுக்கு. அவர்களே எடுத்துக்கொள்ளலாம், என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. அதற்கு மேலே என்னுடையது, அதற்கும் மேலே அவருடையது, உச்சித் தட்டில் போர்வையும் தலையணை உறையும். கம்பியில் மறுநாள் உடுத்தப்போவதை முந்தின மாலையே தொங்கவிட்டுவிடுவது. இப்படித்தான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன்.

பெட்டிக்குப் போகிற பட்டுக்கும் கோட்டுக்கும் பூச்சி வராமல் இருக்க வேண்டுமே. அதற்காகக் கடையில் பாச்சை உருண்டை வாங்கி வந்திருந்தேன். வெறுமனே போட்டால் பட்டில் கறை படியும் என்பார்கள். அவருடைய கிழிந்த பனியனைச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு உருண்டை போட்டு, நூலால் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பையில் உருண்டைகளைப் போட்டிருந்தேன். வாயைக் கட்டவில்லை. அப்போதுதான் சலவைக்காரர் கூப்பிட்டார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் அறைக்குள்தான் இருந்தார்கள். பெரியவளுக்கு எட்டு வயது. சின்னவனுக்கு நாலு நிறையவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள். அதனால் அவர்கள் தும்மினால்கூட நான் எழுந்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பையைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போனேன்.

வாசலில் ஒரு தலையணை உறை விவகாரம். ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்டிருந்தது. சலவைக்காரர் அது ஏற்கெனவே இருந்தது என்றார். நான் இல்லை என்றேன். இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, பெரியவளைக் கூப்பிட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அவளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை, முதல்முதலாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப்போகிறாள். அதற்கான வெள்ளைக் கவுனை அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த ஒரு தையல்காரர் தைத்துக்கொண்டிருந்தார். அன்று போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறப் போனார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றேன். தலையணை உறை அவ்வளவு முக்கியமாக இருந்தது.

திரும்ப அறைக்கு வந்தேன். காலியாக இருந்த பீரோவின் நடுத்தட்டில் என் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் ஒரு பித்தளை டம்ளரும், பாதி எரிந்த ஒரு பழைய மெழுகுத்திரியும். கதவுகள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. அப்படிப் பார்த்தபோது அது பீடம் மாதிரியேதான் இருந்தது. அதற்கு முன்னால் என் மகன் முழந்தாளிட்டு, இரண்டு கையையும் குவித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பூசை விளையாட்டு விளையாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடுவதுதான். ஒருவர் சாமியாராக நின்று வாய்க்கு வந்த லத்தீனை முணுமுணுப்பார், மற்றவர்கள் வரிசையாக முழந்தாளிட்டு நாக்கை நீட்டுவார்கள். சில வீட்டில் அப்பளத்தை வட்டமாக வெட்டி நாக்கில் வைப்பார்கள். சில வீட்டில் அவல்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவன் வாயிலிருந்து அந்த வாசனை குப்பென்று அடித்தது.

கட்டிலைப் பார்த்தேன். கட்டாமல் விட்ட பையில் ஓர் உருண்டைதான் இருந்தது.

"என்னடா சாப்பிட்டே?" என்றேன்.

"நன்மை வாங்கினேன்" என்றான், மிகவும் பக்தியாக.

"யார் குடுத்தா?"

"அக்கா."

வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உதட்டில் வாசனை, கன்னத்தில் வாசனை. முழுங்கினாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். துப்பிவிட்டாயா என்று கேட்டேன். அதற்கும் அதே போலத் தலையை ஆட்டினான். கடித்தாயா என்றேன். ஆட்டினான். நான் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், துணி மலைக்குள், எல்லா இடத்திலும் தேடினேன். உருண்டை கிடைக்கவில்லை.

புதுநன்மைக்கு ஆயத்தம் செய்கிற பெண் அவள். வாரம் தவறாமல் கோயிலில் சிஸ்டர் பாடம் எடுக்கிறார்கள். நன்மையைப் பல்லால் கடிக்கக் கூடாது, நாக்கிலேயே கரைய விட்டு முழுங்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டின்போதுகூட எங்களுக்குப் பாடம் நடத்துவாள். அதே பாடத்தைத் தம்பிக்கும் நடத்தியிருப்பாள். அவன் அவள் சொன்னதைத் தட்டவே மாட்டான். கேட்கலாம் என்றால் அவள் இல்லை. காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற பஸ்ஸில் இருக்கிறாள்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் திரும்பிப் போய் ஒரு டம்ளர் பாலோடு வந்தார்கள். "முதல்ல இதைக் குடுங்க டீச்சரம்மா. எந்த விஷமா இருந்தாலும் பால் முறிச்சுடும்" என்றார்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். அவன் பாதி டம்ளர் குடித்தான். இனிப்பு போதவில்லை என்றான். அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு குதிரை வண்டியைக் கூட்டி வந்துவிட்டார். என்னை ஏற்றிவிட்டு, தான் சைக்கிளில் ஸ்ரீரங்கம் போய் என் வீட்டுக்காரரையும் பெண்ணையும் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதாகச் சொன்னார். தையல்கடை எந்த வீதி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருடைய பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றுதான் தெரியும். மாதக்கணக்காக என் பெண்ணுக்குத் துணி தைக்கிற ஆளின் கடை எங்கே என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் இருந்தார். என்னைவிடச் சின்னவர். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, பால் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். கொடுத்தேன் என்றேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பாச்சை உருண்டை தண்ணீரில் கரையாது, பாலிலும் நெய்யிலும் இருக்கிற கொழுப்பில்தான் கரையும், பால் உள்ளே போனால் அது உடம்பில் சீக்கிரம் ஏறும் என்று விளக்கினார். பிறகு நான் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, பாதி டம்ளர்தானே, பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார். பரவாயில்லை என்று டாக்டர்கள் சொல்லும்போது அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று நமக்குத் தெரியும்.

வாந்தி எடுக்க வைத்தார்கள். நான் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் தின்றது எல்லாம் வந்தது. உருண்டை வரவில்லை. துண்டு துண்டாகக்கூட ஒன்றும் வரவில்லை. இல்லவே இல்லையா, அல்லது அதற்குக் கீழே போய்விட்டதா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஓர் உருண்டை இவ்வளவு சின்னக் குழந்தைக்கு நிறைய என்றார். சில பிள்ளைகளுக்கு அது ரத்தத்தை உடைத்துவிடும், உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காட்டும் என்றார்.

"என்ன பார்க்கணும்னு சொல்றேன், கவனமாக் கேட்டுக்குங்க. ஒண்ணுக்குப் போறது காப்பி டிகாஷன் மாதிரி இருந்தாலோ, கண்ணு மஞ்சளா மாறினாலோ, ஒரு நிமிஷம் நிக்காம தூக்கிட்டு வந்துடுங்க. பால், நெய், எண்ணெய் எதுவும் வேண்டாம். கஞ்சித் தண்ணி குடுங்க. உங்க பொண்ணு வந்ததும் கேளுங்க. அதட்டிக் கேட்டா பயந்துக்கிட்டு இல்லைன்னு சொல்லும். நிதானமாக் கேளுங்க."

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். வரும்போது வண்டியில் அவன் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெயிலில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அவனைப் படுக்க வைக்கலாம் என்றால் கட்டிலில் இடமில்லை. நான் காலையில் இறக்கிப் போட்ட மலை அப்படியே கிடந்தது. பட்டும் பனியனும் கறுப்புச் சேலையும் டிராயரும் ஒன்றின்மேல் ஒன்றாக. தரையில் பாய் போட்டு அவனை விட்டேன். அறை முழுவதும் உருண்டை வாசனை. கட்டிய பைகளை எல்லாம் திரட்டி எடுத்துக் கொல்லையில் சாம்பல் கொட்டும் தகர டப்பாவுக்குள் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். எதிர்வீட்டு அக்கா ஜெபம் சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் இந்து. தாங்களும் சமயபுரத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். பத்து மணிகளை உருட்டுவதற்குள் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று மறந்துபோயிற்று. மறுபடி தொடங்கினேன், மறுபடி மறந்தது. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அக்கா கஞ்சி வைக்கப் போனார்கள். நான் எழுந்து பீரோவை அடுக்கத் தொடங்கினேன்.

காலையில் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அடுத்த நிமிஷம் எது தேவைப்படும் என்பது மட்டும்தான் தெரிந்தது. முதலில் அவனுடைய டிராயர்கள், எல்லாம் ஒரே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கைக்கு வருகிற மாதிரி. அதற்குப் பக்கத்தில் துண்டுகள். பழைய மெல்லிய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துணிகள். ராத்திரி ஓட வேண்டி வந்தால் எனக்கு ஒரு நூல் சேலை, ரவிக்கை, உள்பாவாடை, மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி இடுப்பு உயரத் தட்டில் வைத்தேன். அவருக்கு ஒரு சட்டை, வேட்டி. குழந்தையைச் சுற்றித் தூக்க ஒரு போர்வை வேண்டுமே என்று, உச்சித் தட்டில் வைக்க நினைத்திருந்ததைக் கீழே இறக்கினேன். ஒவ்வொன்றையும் மடிப்பேன், திரும்பி அவனைப் பார்ப்பேன். பாயில் உட்கார்ந்து ஜட்கா வண்டி ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மறுபடி மடிப்பேன்.

பிற்பாடு அந்த அடுக்கை நான் மாற்றவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற டீச்சர்கள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, எப்படி இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்கிறீர்கள், நினைத்ததும் கைக்கு வருகிறதே என்று கேட்டிருக்கிறார்கள். தினமும் எடுப்பதை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் வையுங்கள், ஒருவர் துணியோடு இன்னொருவர் துணியைக் கலக்காதீர்கள், சேர்த்து உடுத்துவதைச் சேர்த்தே மடியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குப் பயத்தில் கை போன வழி அது.

அவனுக்கு அன்று அரச உபசாரம். வெள்ளை எனாமல் கிண்ணத்தில்தான் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதை ஜன்னலடியில் எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்ப்பேன். நான் இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கால் மணிக்கு ஒரு தரம், "அம்மா, வருது" என்று கூப்பிடுவான். வராது. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு சொட்டு வந்தாலும் எப்படி இருக்கிறது என்று என்னையே கேட்பான். எதிர்வீட்டு அக்கா கஞ்சியோடு வந்து இதைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா கோர்ட்டு ஜட்ஜுகூட இவ்வளவு உத்துப் பார்க்க மாட்டார்டா" என்று அவனிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஜட்ஜு யாரும் கிடையாது. அக்காவுக்கும் பதற்றம்தான்.

மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. அக்காவின் வீட்டுக்காரர் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார். தனியாக வந்தார். பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததாம். மொட்டைக் கோபுரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தையல்கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். சித்திரை வீதியில் ஒரு கடையில், ஆமாம், ஒரு வாத்தியாரும் பெண்ணும் வந்தார்கள், கவுனுக்குக் கை சரியாக இல்லை, பிரித்துத் தைக்க நேரமாகும் என்றதும் சாப்பிட்டு வருகிறோம் என்று போனார்கள் என்றார்களாம். எந்த ஓட்டல் என்று தெரியவில்லை. அங்கேயே வெகுநேரம் காத்திருந்துவிட்டு, வேறு வழியாக வீட்டுக்கு வந்திருப்பார்களோ என்று திரும்பியிருக்கிறார். தையல்காரரிடம், வந்தால் உடனே அனுப்பச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். காரணம் சொன்னீர்களா என்று கேட்டேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாராம். "எல்லாத்தையும் சொன்னா அந்த மனுஷன் நடுவழியில விழுந்துடுவார். அதான் சொல்லலை" என்றார். சரியாகத்தான் செய்தார்.

விளக்கு வைத்த நேரத்துக்கு அவன் என் மடியில் தூங்கிவிட்டான். தூக்கமா மயக்கமா என்று நான் இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தேன். மூன்றாவது தடவை அழுதான். இமையை விலக்கி, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மூன்று நாள் என்று சொல்லியிருந்தாரே. இன்றைக்கு வெள்ளையாக இருப்பதில் என்ன ஆறுதல்? பெரியவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால்தான் எனக்குத் தெரியும். அந்த வார்த்தை வேறு மாதிரி வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து, அவள் வரவே வேண்டாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் கதவு திறந்தது. அவர் முன்னால் ஓடி வந்தார். கையில் கவுன் பொட்டலம் கசங்கியிருந்தது. என்ன உடம்பு, காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் நெற்றியைத் தொட்டார். நான் அவரைத் தாண்டிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் வாசற்படியில் பெண் நின்றுகொண்டிருந்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பீரோ அடுக்கி மூடியிருப்பதையும், விரித்த துண்டு எடுக்கப்பட்டிருப்பதையும் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. பூசை விளையாட்டுக்குத்தான் அடி விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போல இருந்தது. அம்மா அடிக்க மாட்டேன், திட்டவும் மாட்டேன், காலையில் தம்பிக்கு நன்மை கொடுத்தாயா என்று மட்டும் சொல் என்றேன்.

அவள் பயந்து அழுவாள் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இவனுக்கா? இவனுக்கு எப்படிம்மா குடுக்கிறது? ராத்திரியிலேர்ந்து வெறும் வயித்தோட இருக்கிறவங்களுக்குத்தான் நன்மைன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. இவன் காலையில நாலு இட்லி தின்னான். அப்பறம் அப்பா தட்டிலேர்ந்தும் எடுத்துத் தின்னான். நாக்கை நீட்டிக்கிட்டு அழுதான். பாவமா இருந்துச்சேன்னு முத்தி பண்ணு, முத்தம் மட்டும் குடுத்துக்கோன்னு உதட்டுக்கிட்ட வச்சேன். அதுக்கே நக்கப் பார்த்தான்."

சொல்லிக்கொண்டே, போட்டிருந்த கவுனின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். உருண்டை முழுசாக இருந்தது.

"இதைக் கண்ட இடத்துல வைக்கக்கூடாதில்ல. அதான் பத்திரமா முடிஞ்சு எடுத்துட்டுப் போனேன். பஸ்ஸிலதான் எல்லாரும் என்னையே பார்த்தாங்க."